ஃபுல்லிலேயே நிற்கும் முள்

பழைய லாரியில் 6 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு 12 வோல்ட் மாட்டியவர்கள், அன்று இரவே ஹெட்லைட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். மறுநாள் காலை பெட்ரோல் கேஜைப் பார்த்துத் தலையில் கை வைப்பார்கள். முள் ஃபுல்லையும் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். சிலருக்கு எம்ப்டியில் படுத்துவிடும், எழுந்திருக்காது. இன்னும் சிலருக்கு டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து லேசாகக் கருகல் வாடை வரும். அதோடு கேஜின் கதை முடிந்தது.

ஆக்லாந்தின் மேற்குப் பக்கம், கிளென் ஈடனில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது. 1951ஆம் வருஷத்து செவர்லே பிக்கப். வைத்திருப்பவர் நம்ம ஊர்த் தம்பி. டீ குடிக்க உட்கார்ந்ததும் அவர் ஆரம்பிப்பது இதில்தான்: "அண்ணே, வோல்ட்டை மாத்தினதுலேர்ந்து முள் ஃபுல்லையே காட்டுது. வோல்டேஜ் ரெட்யூசர்னு ஒண்ணு வாங்கி மாட்டினேன். அப்பவும் அப்படியேதான் நிக்குது." அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ஒரு கிளாஸ் டீக்குள் முடிகிற விஷயம் இல்லை. இரண்டாவது கிளாஸுக்கும் பால் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் மாற்றுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஜாவா, பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு 6 வோல்ட் விளக்கின் அழகு தெரியும். சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும், ஆக்சிலரேட்டரை முறுக்கினால் உயிர் வரும். லாரியிலும் அதே சங்கடம்தான். 45 வாட் பல்பு 6 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் இழுக்கும். எழுபது வருஷத்து ஒயரிலும் துருப்பிடித்த முனைகளிலும் அரை வோல்ட் தொலைந்தால், கையில் இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விட்டது. 12 வோல்ட்டில் அதே வாட் பல்பு அதில் பாதி ஆம்பியர்தான் கேட்கும். தொலைவதும் கால் வோல்ட்தான். மொத்தத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ஒயரை மாற்றாமலே வெளிச்சம் கூடுவதன் ரகசியம் இவ்வளவுதான். நியூசிலாந்தில் வாரண்ட் எனும் வண்டித் தகுதிப் பரிசோதனைக்குப் போனால் விளக்குகளைப் பார்ப்பார்கள். தவிர, 12 வோல்ட் பேட்டரியும் பல்பும் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. 6 வோல்ட்டுக்கு அலைய வேண்டும்.

செவர்லே லாரிகள் 1955ஆம் வருஷத்தின் முதல் பகுதி வரை 6 வோல்ட்டில் வந்தன. அதே வருஷம் வந்த புதிய வரிசையில்தான் 12 ஆனது. அமெரிக்க ஃபோர்டு 1956 மாடலில் மாறியது. அதற்கு முந்தைய வண்டிகள் இந்த நாட்டில் கணிசமாக மிஞ்சியிருக்கின்றன. வெலிங்டன் பக்கத்தில் பெட்டோனியில் ஜெனரல் மோட்டார்ஸ் 1926இலேயே வண்டி கோர்க்கும் தொழிற்சாலை வைத்துவிட்டது. பழைய லாரியைக் கழித்துக்கட்டாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே அதிகம், தென்கோடி இன்வர்கார்கில்லில் பில் ரிச்சர்ட்சன் என்பவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த லாரிகளுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது.

அந்த செவர்லேயின் டாஷ்போர்டை ஒரு தடவை பாருங்கள். ஆயில் பிரஷர் மீட்டருக்கு கரண்டே தேவையில்லை. எண்ணெய் ஒரு சின்னக் குழாய் வழியாக நேரே மீட்டருக்கே வருகிறது. டெம்பரேச்சர் மீட்டரும் அப்படித்தான், எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய். அம்மீட்டர் ஓடுகிற கரண்டை அளப்பது. 6 ஆனாலும் 12 ஆனாலும் அதற்கு ஒன்றுதான். மிச்சம் பெட்ரோல் கேஜ் ஒன்றுதான். வோல்ட் மாற்றத்தால் அடிபடக்கூடிய ஒரே மீட்டர் அது. அதனால்தான் எல்லாப் பழியும் அதன்மேல், அதன் வழியாக வோல்ட்டின் மேல், விழுகிறது.

கடைக்குப் போய் ரெட்யூசர் கேட்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது: உங்கள் கேஜ் எந்தக் குடும்பம்? அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் குடும்பம் காயில் கேஜ். செவர்லேயில் இருப்பது இதுதான். உள்ளே இரண்டு காயில்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கின்றன. நடுவே முள்ளோடு ஒரு இரும்புத் துண்டு. ஒரு காயில் முள்ளை எம்ப்டி பக்கம் இழுக்கும், மற்றது ஃபுல் பக்கம். வடமிழுக்கும் போட்டி மாதிரி. எந்தப் பக்கம் பலம் அதிகமோ அந்தப் பக்கம் முள் சாயும். இக்னிஷனிலிருந்து வரும் கரண்ட் முதலில் எம்ப்டி காயில் வழியாகப் போகிறது. அதன் முடிவில் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழி ஃபுல் காயில் வழியாக எர்த்துக்கு. இன்னொன்று டேங்கில் இருக்கும் சென்டருக்கு, அங்கிருந்து எர்த்துக்கு.

சென்டர் என்பது மிதவையோடு கூடிய ஒரு ரெசிஸ்டர். அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் டேங்க் காலியானால் 0 ஓம், நிரம்பினால் 30 ஓம். டேங்க் காலி என்று வைத்துக்கொள்வோம். சென்டர் நேராக எர்த்தோடு சேர்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. கரண்ட் முழுக்க அந்தச் சுலபமான வழியில் ஓடிவிடும். ஃபுல் காயிலுக்கு ஒன்றும் மிஞ்சாது. முள் எம்ப்டி. பெட்ரோல் ஏற ஏற சென்டரின் தடை கூடும். அந்த வழி கடினமாக ஆக, கரண்டில் ஒரு பங்கு ஃபுல் காயிலுக்குத் திரும்பும். முள் நகரும்.

இப்போது வோல்ட்டை இரட்டிப்பாக்குங்கள். எம்ப்டி காயிலின் கரண்ட் இரட்டிப்பாகும். ஃபுல் காயிலினுடையதும் இரட்டிப்பாகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதே இல்லை. அதனால் முள் நிற்கும் இடமும் மாறக் கூடாது. தம்பிக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. காகிதத்தில் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. காயில் கேஜுக்கு 12 வோல்ட் கொடுத்தால் அது பொய் சொல்லாது. சூடாகும். வோல்ட் இரண்டு மடங்கு, கரண்ட் இரண்டு மடங்கு, பெருக்கினால் சூடு நான்கு மடங்கு. காயில் கம்பியின் மேல்பூச்சு அந்தச் சூட்டைப் பல காலம் தாங்காது. ஒரு நாள் கருகும்.

ஆக, இந்தக் குடும்பத்துக்கு ஒரு சாதாரண ரெசிஸ்டர் போதும். அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். கேஜைக் கழற்றி, இக்னிஷன் முனைக்கும் சென்டர் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 40 ஓம் வருகிறது என்று வைப்போம். அதே 40 ஓமுக்கு ஒரு ரெசிஸ்டர் வாங்கினால் வரும் வோல்ட்டைக் கேஜும் ரெசிஸ்டரும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். 12 வோல்ட் வண்டி ஓடும்போது உண்மையில் 14 வோல்ட் பக்கம் இருக்கும். பாதி 7 வோல்ட்; 40 ஓமில் 0.175 ஆம்பியர், சூடு 1.2 வாட் சொச்சம். 2 வாட் ரெசிஸ்டர் கணக்குக்குச் சரி, கைக்குச் சுடும். 5 வாட் பீங்கான் ரெசிஸ்டர் வாங்குங்கள். நாலு காசு வித்தியாசம்தான். டேங்க் நிரம்பியிருக்கும்போது கேஜின் மொத்தத் தடை கூடுவதால் பகிர்வு கொஞ்சம் மாறும், ஆனால் கரண்ட் குறையும். பயமில்லை. விகிதம் அப்போதும் கெடாது.

ரெசிஸ்டரை எங்கே மாட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இக்னிஷனிலிருந்து கேஜுக்கு வரும் ஒயரில் மாட்ட வேண்டும். கேஜிலிருந்து டேங்குக்குப் போகும் ஒயரில் மாட்டவே கூடாது. அங்கே மாட்டினால் சென்டரின் ஓமோடு ரெசிஸ்டரின் ஓமும் சேர்ந்துகொள்ளும். 30 ஓமைக் கண்டாலே ஃபுல் காட்டும் கேஜுக்கு நீங்களே 40 ஓமைக் கையில் கொடுத்ததாகும். டேங்க் வறண்டு கிடந்தாலும் முள் ஃபுல்லில் நிற்கும்.

இரண்டாவது குடும்பம் சூட்டு கேஜ். பழைய ஃபோர்டுகளில் இதுதான். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை, அதன்மேல் சுற்றிய ஹீட்டர் கம்பி. கரண்ட் ஓடினால் பட்டை சூடாகி வளையும். வளைவு முள்ளைத் தள்ளும். இக்னிஷன் போட்டதும் முள் சோம்பலாக மெல்ல ஏறினால் அது இந்தக் குடும்பம். வெடுக்கென்று வந்து கொஞ்சம் ஆடி நின்றால் காயில்.

இங்கே எதிரெதிராக இழுக்க இரண்டு பேர் இல்லை. சூடு எவ்வளவோ முள் அவ்வளவு. வோல்ட் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. முள் ஓரத்தில் போய் மோதும். சாதாரண ரெசிஸ்டரும் இதைக் குணப்படுத்தாது. ஃபோர்டு பின்னாளில் பல வருஷம் வைத்திருந்த சென்டர் அளவையே எடுத்துக்கொள்வோம்: காலிக்கு 73 ஓம், ஃபுல்லுக்கு 10. கேஜின் ஹீட்டர் 13 ஓம் என்று வையுங்கள். டேங்க் நிரம்பியிருக்கும்போது மொத்தம் 23 ஓம். 6 வோல்ட்டில் 0.26 ஆம்பியர். 12 வோல்ட்டில் அதே கரண்ட் வர 23 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். சரி, போட்டாயிற்று. டேங்க் காலியாகட்டும். பழைய 6 வோல்ட்டில் 86 ஓமுக்கு 0.07 ஆம்பியர் ஓடியிருக்கும்; இப்போது 109 ஓமுக்கு 0.11 ஓடுகிறது. சூடு இரண்டு மடங்குக்கும் மேல். ஃபுல்லில் உண்மை பேசும் முள், காலி டேங்கில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று ஆசை காட்டும். வழியில் நிற்பது இப்படித்தான்.

இந்தக் குடும்பத்துக்கு வேண்டியது, கரண்ட் எவ்வளவு ஓடினாலும் மாறாத வோல்ட். ஃபோர்டு 1956இல் 12 வோல்ட்டுக்குப் போனபோது டாஷ்போர்டுக்குப் பின்னால் தட்டித் தட்டி அணையும் ஒரு சின்ன ரெகுலேட்டரை வைத்து, மீட்டர்களுக்குச் சராசரியாக 5 வோல்ட் சொச்சம் மட்டும் போகும்படி செய்தது. இன்று அந்த வேலையை 7806 என்ற மூன்று கால் ஐசி செய்கிறது. சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக்குக் கிடைக்கும் பொருள். ஆக்லாந்திலும் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு காலில் வண்டியின் வோல்ட், நடுக்காலில் எர்த், மூன்றாவதில் அசையாத 6 வோல்ட். மேலே சொன்ன கணக்கில் அது 2 வாட் சூட்டைத் தள்ள வேண்டும். ஒரு அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள், வரும் வழியில் 1 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். பழைய ஃபோர்டுகளில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். சூட்டு கேஜுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை, எந்தப் பக்கம் ஓடினாலும் சூடு சூடுதான். 7806க்குக் கவலை உண்டு. 12க்கு மாறும்போது நெகட்டிவை எர்த் ஆக்கிவிட்டீர்களா என்று பார்த்துக்கொண்டு மாட்டுங்கள்.

சரி, தம்பியின் செவர்லேக்கு வருவோம். காயில் கேஜ், ரெட்யூசரும் சரியான இடத்தில் இருக்கிறது. வோல்ட் பொய் சொல்ல வைக்காது என்று இப்போது தெரியும். பின்னே ஏன் ஃபுல்?

சோதனை எளிது. இக்னிஷன் போட்டு, கேஜின் பின்னால் டேங்க் ஒயரைக் கழற்றுங்கள். காயில் கேஜ் ஃபுல்லுக்கு மேலே போக வேண்டும். பிறகு அந்த முனையை ஒரு துண்டு ஒயரால் டாஷ்போர்டு இரும்பில் தொடுங்கள். முள் எம்ப்டிக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜ் நல்லது, கோளாறு அதற்கு அப்பால். (சூட்டு கேஜில் எல்லாம் தலைகீழ்: கழற்றினால் எம்ப்டி, எர்த்தில் தொட்டால் ஃபுல். அதை நொடி நேரம் மட்டும் தொடுங்கள்.) இந்தச் சோதனையை டாஷ்போர்டு பக்கமே செய்ய வேண்டும், டேங்க் பக்கம் வேண்டாம். அந்த செவர்லே பிக்கப்புகளில் 1949லிருந்து பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கிறது. சென்டர் முனையில் ஒரு சின்னப் பொறி தெறித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; கேபின் தரையில் போய்த் தங்கும். கதவு இரண்டையும் திறந்து வையுங்கள். டேங்கைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட்டோடு வேடிக்கை பார்க்க வேண்டாம்.

தம்பியின் கேஜ் இரண்டிலும் தேறியது. அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, சென்டரின் உடம்புக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஓம் அளந்தோம். மீட்டர் அசையவில்லை. எர்த்தே இல்லை. வோல்ட் மாற்றிய அதே மாதம் டேங்கை இறக்கி, சுரண்டி, பளபளவென்று பெயின்ட் அடித்திருக்கிறார். பெயின்ட், புது ரப்பர் கேஸ்கெட், டேங்குக்கு அடியில் புது ரப்பர் பட்டை எல்லாம் சேர்ந்து சென்டரை எர்த்திலிருந்து பிரித்துவிட்டன. சென்டர் வழி அடைபட்டதால் கரண்டெல்லாம் ஃபுல் காயில் வழியாகவே போகிறது. சென்டரைப் பிடித்திருக்கும் ஒரு திருகின் அடியில் பெயின்டைச் சுரண்டி, அங்கிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு ஒயர் போட்டதும் முள் இறங்கி வந்தது. வோல்ட்டின் மேல் போட்ட பழி அத்தனையும் பெயின்ட்டின் வேலை.

இது அபூர்வமான விஷயம் இல்லை. வோல்ட் மாற்றம் தனியாக நடப்பதே கிடையாது. வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கும் வேளையில்தான் செய்வார்கள். பெயின்ட், ஒயரிங், டேங்க், சென்டர் எல்லாம் அதே கையோடு மாறும்.

எர்த் முழுக்க அற்றுப்போனால் உடனே தெரிந்துவிடும். பாதி கெட்ட எர்த்தான் ஆபத்து. கிளென் ஈடன் பக்கம் டாஸ்மன் கடல் காற்று வைட்டாகெரே மலைகளைத் தாண்டி ஈரத்தோடு வருகிறது. திருகு முனையில் பூப்பூத்தாற்போலத் துரு ஏறும். அந்தத் துரு 5 ஓம் தடை கொடுத்தாலும், 30 ஓம் கணக்கில் அது ஆறில் ஒரு பங்கு டேங்க். செவர்லேயில் இது இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். ஃபோர்டில் அதே துரு இருக்கும் பெட்ரோலைக் குறைத்துக் காட்டும். இந்த ஒரு விஷயத்தில் ஃபோர்டு கேஜ் மேலானது என்பது என் கட்சி.

புது சென்டர் வாங்கினீர்களா? அதையும் அளந்து பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1965 மாடலிலிருந்து 0–90 ஓமுக்கு மாறியது. அந்த சென்டரை 30 ஓம் கேஜோடு சேர்த்தால், டேங்க் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே முள் ஃபுல்லுக்குப் போய்விடும்; இறங்கும்போது மூன்றில் இரண்டு பங்கு தீரும்வரை நகராமல் இருந்து, பிறகு திடீரென்று விழும். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் சென்டர்கள் பெரும்பாலும் 240–33 ஓம். காலிக்கு 240, ஃபுல்லுக்கு 33. செவர்லே கேஜுக்கு இரண்டுமே ஃபுல்தான். முள் சாகும்வரை அங்கேயே நிற்கும்.

பழைய சென்டரையே வைத்துக்கொள்பவர்கள் மிதவையைக் கவனியுங்கள். கார்க் மிதவையின்மேல் அந்தக் காலத்தில் அரக்கு வார்னிஷ் பூசியிருப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோல் குடித்துக் கனத்து மூழ்கும். பித்தளை மிதவை என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. மிதவைக்கு மேல்மட்டம் எங்கே என்பது ஒன்றுதான் தெரியும், கீழே இருக்கும் திரவம் எது என்று தெரியாது. இலங்கைப் போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின் ஏ40 கார்களைப் பெட்ரோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவற்றின் மிதவைகளுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

எல்லாம் மாட்டிய பிறகு கேஜை உண்மையான அளவோடு சரிபார்க்க வேண்டும். நம்ம ஊர் லாரி டிரைவர்கள் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பார்கள்; நாமக்கல்லில் அதற்கு மிஞ்சிய கேஜ் கிடையாது. இந்த செவர்லேயில் அது நடக்காது. கேபினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்புக் குழாய் வளைந்து உள்ளே போகிறது. குச்சி பாதியில் இடிக்கும். எனவே டேங்கைக் காலி செய்து, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். காலியில் முள் சரியாக எம்ப்டிக்கு வராவிட்டால் மிதவைக் கம்பியைக் கொஞ்சம் வளைத்துச் சரிசெய்யலாம். இரண்டு முனையும் ஒருசேரச் சரியாக அமையாவிட்டால் எம்ப்டி பக்கத்தைச் சரியாக வையுங்கள். ஃபுல்லில் கொஞ்சம் தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

சமதரையில் எழுதிய அட்டை ஏற்றத்தில் அப்படியே பொருந்தாது. கிளென் ஈடனிலிருந்து வெஸ்ட் கோஸ்ட் ரோட்டில் ஏறி பிஹா கடற்கரைப் பக்கம் போகும் மலைச் சாலையில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும், முள்ளும் ஆடும். அட்டை கைக்குப் பழகும்வரை கால் டேங்குக்குக் கீழே வந்துவிட்டால் மலை ஏறாதீர்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் ஐந்து லிட்டர் கேன் ஒன்றை எடுத்துப் போங்கள். அந்தக் கேனைக் கேபினுக்குள் வைக்காமல் பின்னால் சாமான் தட்டில் இறுக்கிக் கட்டி வையுங்கள்.